கிராபிக்ஸ் கார்டும் சீட்டுக் காசும்

எங்கள் வீட்டுக் கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் வேண்டும் என்று உம்மாவிடம் நான் கேட்டது 2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாவது வாரத்தில். அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் கேட்டேன். உம்மாவின் சீட்டு அப்போதுதான் விழுந்திருந்தது. அறுபதாயிரம் ரூபா, ஒரு கடித உறைக்குள், அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது.

அந்தக் காசு எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உம்மா அபாயா தைப்பவர். ஓரம் அடிக்க ஓவர்லொக் மெஷின் இல்லாததால், தைத்த உடுப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காத்திருந்து அடித்து வருவார். பாவித்த ஓவர்லொக் மெஷின் ஒன்றை வாங்க வேண்டும் என்று ஒன்றரை வருடமாகச் சீட்டுக் கட்டினார்.

“படிக்கத்தானே மகள்?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம் உம்மா, ஐசிடிக்கு.”

“அப்ப எடுங்க. இவ்வளவு காலம் கடைக்குப் போய்த்தானே அடிச்ச, இன்னும் கொஞ்ச நாள் போனா என்ன.”

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் என் பாடங்களில் ஒன்று. அது உண்மை. அந்தப் பாடத்துக்குக் கிராபிக்ஸ் கார்ட் தேவை என்பது உண்மையில்லை. பைதனில் நிரல் எழுதவும் தரவுத்தளம் செய்யவும் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினியே தாராளமாகப் போதும். இது எனக்கு அன்றே தெரியும்.

அந்தக் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வாப்பாவின் ஒரே கைப்பேசியில் நானும் தம்பியும் மாறி மாறி வகுப்புக்குப் போனோம். அடுத்த வருடம், வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணினிகளைத் துடைத்து விற்கும் ஒரு கடையிலிருந்து வாப்பா ஒன்றை வாங்கி வந்தார். டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020, ஒல்லியான பெட்டி. உள்ளே நான்காம் தலைமுறை ஐ5 புரொசெசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்தப் புரொசெசர் 2014இல் வந்தது. நான் அப்போது இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்திருப்பேன். இருந்தாலும் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாள் எங்களுக்குப் பெருநாள்தான்.

இரண்டு வருடத்தில் அது முதியவரைப் போல் ஆகிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டு, உளூச் செய்து, அஸர் தொழுதுவிட்டு வந்தால்தான் திரை தயாராக இருக்கும். 2022இல் மின்வெட்டு வந்த மாதங்களில் இன்னும் மோசம். மார்ச் மாதக் கடைசியில் ஒருநாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. வந்த மின்சாரத்தில் பாதி, இந்தக் கணினி விழித்தெழுவதற்கே போய்விடும்.

எனக்குக் கிராபிக்ஸ் கார்ட் வேண்டியிருந்தது பாடத்துக்கல்ல, பள்ளிவாசலுக்கு.

வாப்பா புறக்கோட்டை மெயின் வீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை. லுஹருக்கு இரண்டாம் குறுக்குத்தெருச் சம்மாங்கோட்டுப் பள்ளிக்குப் போவார். ஜாமிஉல் அல்பார் என்பது அதன் பெயர். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அந்தப் பள்ளியைக் கொழும்பு படம் போட்ட எந்த வாழ்த்து அட்டையிலும் காணலாம். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. வணிகர்கள் தங்கள் தொழுகைக்காக எழுப்பிய பள்ளி. சின்ன வயதில் வாப்பாவோடு கடைக்குப் போகும் நாட்களில், மாதுளம்பழம் போன்ற அதன் கும்பங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நிற்பேன்.

பிளெண்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. முப்பரிமாண உருவங்கள் செய்வது. இலவசம். கைப்பேசியில் அதன் பாடங்களைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பள்ளியைக் கணினிக்குள் கட்ட ஆசைப்பட்டேன். ஒரு தூண் செய்தேன். ஒரு வளைவு செய்தேன். அவற்றைப் பத்தாகப் பெருக்கியதும் கணினி உறைந்து நின்றது. எலியை அசைத்தால் அம்புக்குறி அரை நிமிடம் கழித்து அசைந்தது. நான் பார்த்த பாடங்களில் எல்லோரும் சொன்னது ஒன்றே: நல்ல கிராபிக்ஸ் கார்ட் வேண்டும்.

இதை ஏன் உம்மாவிடம் அப்படியே சொல்லவில்லை? இன்றைக்கும் எனக்குச் சரியான பதில் இல்லை. “படம் கீற” என்று சொன்னால் விளையாட்டு என்று நினைப்பார்கள் என்ற பயம். ‘படிப்பு’ என்ற சொல்லைச் சொன்னால் எங்கள் வீடுகளில் எந்த அலுமாரியும் திறக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்ததும் ஒரு காரணம். இதை வாசிக்கும் தோழிகளில் பலருக்கும் அந்தத் திறப்பு பழக்கமானதாக இருக்கலாம்.

காசு கிடைக்கும் என்றானதும் ஒரு கொப்பியை எடுத்து ஆராய்ச்சி தொடங்கினேன். ஒரு மாதம் அதுவே வேலை. ஜிடிஎக்ஸ் 1650, 1050 டிஐ, ஆர்எக்ஸ் 580, ஆர்டிஎக்ஸ் 3060 என்று பெயர்களை வரிசையாக எழுதி, எதற்கு எத்தனை ஜிபி, எது எவ்வளவு வேகம், என்ன விலை என்று கட்டம் போட்டேன். விலைக் கட்டத்தை மட்டும் திரும்பத் திரும்ப அழிக்க வேண்டியிருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. கிராபிக்ஸ் கார்டெல்லாம் டொலரில் வருபவை. புதிய கார்ட் எதுவும் எங்கள் உறைக்குள் அடங்கவில்லை.

பாவித்த கார்டுகள் அடங்கின. அதற்கும் ஒரு கதை உண்டு. ஈதேரியம் என்ற மின்நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு ‘தோண்டி’ எடுத்துவந்தார்கள். 2021இல் உலகமெங்கும் கார்ட் கிடைக்காமல் போனதற்கு அது பெரிய காரணம். 2022 செப்டெம்பரில் அந்த நாணயம் தன் முறையை மாற்றியது. ஒரே நாளில் அந்தக் கார்டுகளுக்கெல்லாம் வேலை போயிற்று. இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் கைமாறிக் கைமாறி உலகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஒன்றுதான் ஆர்எக்ஸ் 580. எட்டு ஜிபி. பாவித்தது முப்பதாயிரத்துக்குக் கிடைத்தது. என் கொப்பியில் அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை வாப்பா என்னைப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவுக்குக் கூட்டிப் போனார். கணினி என்றால் கொழும்பில் முதலில் நினைவுக்கு வரும் இடம். மஜெஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்துக் கட்டடம், கடைக்குக் கடை கணினிச் சாமான். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று காற்றாடி வைத்த கார்டுகள் பலநிற வெளிச்சத்தோடு சுற்றிக்கொண்டிருந்தன. பொற்கடைக்குள் போன பெண்பிள்ளையைப் போல் நின்றேன் என்று பிறகு வாப்பா சொன்னார்.

நாங்கள் நுழைந்த கடையில் கேள்வி கேட்டது நான், பதில் போனது வாப்பாவுக்கு. “ஆர்எக்ஸ் 580 இருக்கா?” என்று நான் கேட்டேன். கடைக்காரர் வாப்பாவைப் பார்த்து, “மகனுக்கா, கேம் விளையாடவா?” என்றார். வாப்பா என்னைக் காட்டினார். அவர் சிரித்துவிட்டு, கேசிங் என்ன அளவு, பவர் சப்ளை எத்தனை வாட் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் கார்டுகளைப் பற்றி எழுதிய கொப்பியில் எங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. முகம் சூடாகிவிட்டது. அவர் என்னை மதிக்கவில்லை என்ற கோபம் ஒரு பக்கம், அவர் கேட்டது சரியான கேள்வி என்ற வெட்கம் ஒரு பக்கம்.

வெளியே வந்ததும் வாப்பா, “கொட்டாஞ்சேனையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஈக்கிறார். எங்கட கடை பில் மெஷினெல்லாம் அவர்தான் பாக்கிற. பெட்டியையே தூக்கிட்டுப் போய்க் காட்டுவம்” என்றார்.

அடுத்த ஞாயிறு, பெட்டியை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைப் பக்கம் போய், அங்கிருந்து ஓட்டோவில் கொட்டாஞ்சேனை. ஜம்பட்டா வீதியை விட்டுத் திரும்பும் ஓர் ஒழுங்கையில் அவர் வீடு. புனித லூசியா பேராலயத்தில் பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. முன்னறை முழுவதும் திறந்த கணினிகள். சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், அதன் கீழே வயர்கள் சுருள் சுருளாகத் தொங்கின.

“வாங்க நானா,” என்று வாப்பாவை வரவேற்றுவிட்டு, என்னிடம் திரும்பி, “என்ன பிள்ளை வருத்தம் இவருக்கு?” என்று பெட்டியைக் காட்டிக் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு அங்கிளைப் பிடித்துவிட்டது.

மூடியைக் கழற்றியதும் அவர் முதலில் பார்த்தது திருகாணிகளை. “கடல் பக்கமா வீடு?” என்றார். வெள்ளவத்தை, ரயில் பாதைக்குக் கிட்ட என்றோம். “தெரியுது. உப்புக் காத்து.” திருகாணித் தலைகளில் துரு. ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைக் காட்டினார், மங்கிக் கிடந்தன. மேசை லாச்சியிலிருந்து சாதாரணப் பள்ளிக்கூட அழிரப்பர் ஒன்றை எடுத்து அந்தப் பற்களை மெல்லத் தேய்த்தார். பளபளவென்று வந்தது. கணினி திருத்த என் பென்சில் பெட்டியிலேயே ஆயுதம் இருந்திருக்கிறது!

பிறகு நான் என் கொப்பியைக் காட்டினேன். சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் இருந்த பவர் சப்ளையைத் திருப்பி அதில் ஒட்டியிருந்த தாளை வாசிக்கச் சொன்னார்.

“255 வாட்.”

“உங்கட புரொசெசர் உச்சத்தில 84 வாட் கேக்கும். இந்த 580 கார்ட் 185. கூட்டுங்க.”

269. டிஸ்க்கையும் காற்றாடியையும் சேர்க்காமலே.

“வேற பவர் சப்ளை போடலாமே அங்கிள்?”

சாதாரணப் பெட்டி என்றால் போடலாம் என்றார். இந்த ஒல்லிப் பெட்டிக்கு அளவும் வேறு, மதர்போர்டுக்குப் போகும் மின் பிளக்கும் வேறு. சந்தையில் எல்லோரும் வாங்கும் 24 ஊசிப் பிளக் இதற்குப் பொருந்தாது. போதாததற்கு அந்தக் கார்ட் உயரத்திலும் நீளத்திலும் இந்தப் பெட்டியின் மூடியை மூட விடாது. அவர் ஓர் அடிமட்டத்தை எடுத்து அளந்தே காட்டினார். நான் முப்பதாயிரம் கொடுத்து வாங்கியிருந்தால் அது எங்கள் வீட்டில் புத்தகத் தாங்கியாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் அதைவிடப் பெரிய பாடம் பிறகுதான். கணினியை உயிர்ப்பித்து, நான் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யச் சொன்னார். பக்கத்தில் டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்தார். எல்லாக் கணினியிலும் இருக்கும் சின்னச் சாளரம், உறைந்த நிரலை மூடுவதற்கு மட்டுமே நான் அதைத் திறந்திருக்கிறேன். புரொசெசர் 20 வீதத்தைத் தாண்டவில்லை. ரேம் 94 வீதம். ஹார்ட் டிஸ்க் 100 வீதத்தில் ஏறி அங்கேயே படுத்துக்கொண்டது.

“பார்த்தீங்களா, புரொசெசர் சும்மா குந்திக்கொண்டு ஈக்கிறார்” என்று எங்கள் பேச்சைப் போலச் சொல்லிச் சிரித்தார். “சாமான் வந்து சேரேல்ல. அவர் என்ன செய்ய?”

அவர் விளக்கியதை நான் உம்மாவின் தையல் மேசையாக மாற்றிப் புரிந்துகொண்டேன். ரேம் என்பது மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது அடுத்த அறையில் இருக்கும் அலுமாரி. மேசை சின்னதென்றால் வெட்டிய துணியை வைக்க இடமில்லை. ஒன்றை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டு மற்றதை எடுத்து வர வேண்டும். நாலு ஜிபி மேசையில் பாதியை விண்டோஸே பிடித்துக்கொள்கிறது. மிச்சத்தில்தான் நாங்கள் தைக்கிறோம். அலுமாரிக்குப் போய் வருவதும் சும்மா இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுச் சுழன்று, ஊசி நகர்ந்து, வேண்டிய இடத்தைத் தொட ஏறக்குறைய பத்து மில்லி செக்கன் எடுக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பொருளே இல்லை. அதே வேலை அதில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். கிராபிக்ஸ் கார்ட் என்பது இன்னொரு தையற்காரர். மேசையும் அலுமாரியும் இப்படி இருக்கும்போது அவரைக் கூட்டி வந்தால், அவரும் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பார்.

“சரி, பிள்ளை இதில என்ன செய்யிற? அதைச் சொன்னாத்தான் கார்ட் வேணுமா வேணாமா என்று சொல்லலாம்.”

“ஐசிடி படிக்கிற” என்று வாப்பா எனக்காகப் பதில் சொன்னார்.

“பைதனுக்குக் கார்ட் என்னத்துக்கு நானா?”

அறையில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. வாப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் லேசாக இருந்திருக்கும். மேசையிலிருந்த அடிமட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கணினியில் ஒளித்து வைத்திருந்த கோப்பைத் திறந்தேன். ‘ஐசிடி புரொஜெக்ட் 2’ என்று பெயர் வைத்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு வளைவும், நாலு தூணும், பாதிக் கும்பமும் திரையில் வந்தன. சிவப்பு வெள்ளைக் கோடுகள்.

வாப்பா குனிந்து பார்த்தார். “சம்மாங்கோட்டுப் பள்ளி” என்றார், மெதுவாக. பிறகு வெளியே போய் ஒழுங்கையில் நின்றுகொண்டார்.

அந்த நேரத்தை நிரப்பவோ என்னவோ, அங்கிள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினார். பெட்டியிலும் ஸ்டிக்கரிலும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று இருந்தது. கணினியில் மாட்டினால் விண்டோஸும் அப்படியே சொல்லும். ஜிபியூ-இசட் என்ற சின்ன இலவச நிரலில் பார்த்தபோது பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தது. பல வருடப் பழைய மலிவுக் கார்ட் ஒன்றின் உள்நினைவில் புதிய பெயரை எழுதி விற்றிருக்கிறார்கள். இணையத்தில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு பையன் பெருநாள் காசில் வாங்கி வந்ததாம். அழுதுகொண்டே விட்டுப் போனானாம். “பெயரை நம்பாதீங்க, என்ன வேலை செய்யுது என்று பாருங்க” என்றார். அவர் கார்டைப் பற்றித்தான் சொன்னார். ஐசிடி புரொஜெக்ட் 2 இன்னும் திரையில் இருந்தது. எனக்குக் காது எரிந்தது.

அன்று வாங்கியவை: பாவித்த டிடிஆர்3 ரேம், 8 ஜிபி இரண்டு, ஒன்பதாயிரம். 256 ஜிபி எஸ்எஸ்டி புதியது, எட்டாயிரத்து ஐந்நூறு. அங்கிளின் கூலி ஆயிரத்து ஐந்நூறு, அதையும் வாப்பா வற்புறுத்தித்தான் வாங்கினார். ரேமை ஒரே நிறத் துளைகள் இரண்டில் சோடியாக மாட்ட வேண்டும், அப்போதுதான் இரண்டு வழியாலும் ஒரே நேரத்தில் தரவு போகும் என்று சொல்லி என்னையே மாட்ட வைத்தார். இரு பக்கமும் ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தப் பயமாக இருந்தது. புரொசெசரில் காய்ந்து கட்டியாகியிருந்த பசையைச் சுரண்டிப் புதிதாகப் போட்டார். நாணயம் போன்ற சின்ன பற்றரி ஒன்றையும் மாற்றினார், கணினியின் கடிகாரம் மின்வெட்டுக்கு மின்வெட்டு பழைய திகதிக்குப் போனது அதனால்தானாம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எறியவில்லை, கோப்புகள் வைக்க அப்படியே விட்டார்.

திரும்பும் வழியில் வாப்பா ஒன்றும் கதைக்கவில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டியதும், “உம்மாட நீங்களே சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கணினியைப் போட்டோம். இருபது செக்கனில் திரை வந்தது. தம்பி இரண்டு தரம் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தான். நான் உறையில் மிஞ்சிய நாற்பத்தோராயிரத்தை உம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் மெஷின் ஓடவில்லை.

“பள்ளி கட்டுறதையா மகள் ஒளிச்ச?” என்றார் கடைசியில்.

நான் ஏச்சுக்குத் தயாராக வந்திருந்தேன். இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. அழுதுவிட்டேன். உம்மா அதற்கும் ஒன்றும் சொல்லாமல், காசை எண்ணி, “பதினையாயிரம் குறையுது, வாப்பாட்ட கேப்பம்” என்று தன் ஓவர்லொக் கணக்குக்குப் போய்விட்டார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்கு அன்று விளங்கவில்லை. இரண்டு நாள் என்னோடு அளந்துதான் பேசினார். ஓவர்லொக் மெஷின் ஜூலையில் வந்தது.

கார்ட் வர இன்னும் ஒரு வருடம் ஆனது. அதுவரை பள்ளியைப் புரொசெசரை வைத்தே கட்டினேன். பதினாறு ஜிபி மேசையில் தூண்கள் தாராளமாக நின்றன. ஆனால் கட்டியதை ஒளி, நிழலோடு படமாக எடுக்கும்போதுதான் உண்மையில் கார்ட் தேவைப்பட்டது. புரொசெசரில் இருப்பது நாலே கோர். கலியாண வீட்டில் நாலு நல்ல சமையற்காரர் இருந்தும், ஐம்பது கிலோ வெங்காயம் உரிக்க ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார வேண்டியிருக்கிறதே, அப்படி ஒரு வேலை அது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று இலட்சக்கணக்கான தடவை ஒரே சின்னக் கணக்கைப் போட வேண்டும். ஒரு படத்துக்கு 41 நிமிடம் எடுத்தது. டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். இந்த முறை புரொசெசர் 100 வீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ரேம் பாதி, டிஸ்க் அமைதி. அன்றுதான் கொப்பியில் புதிய பக்கம் திருப்பினேன்.

இந்த முறை முதல் வரி எங்கள் பெட்டியைப் பற்றி: உயரம் குறைந்த கார்ட், ஒரே துளையின் தடிப்பு, தனி மின்கம்பி வேண்டாதது, 50 வாட்டுக்குள். இப்படி எழுதியதும் என் பழைய பட்டியல் முழுவதும் உதிர்ந்துபோய் இரண்டு மூன்று பெயர்களே மிஞ்சின. அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. பிளெண்டரின் 3.0 பதிப்பிலிருந்து அந்த ஆர்எக்ஸ் 580 வகைக் கார்டுகளைப் படம் எடுக்கும் வேலைக்குப் பாவிக்கவே முடியாது, அதற்கான வழியை எடுத்துவிட்டார்கள். விளையாட்டுக்கு நல்ல கார்ட், என் வேலைக்கு ஒரு செங்கல். என் சிவப்பு வட்டம் எல்லாப் பக்கத்தாலும் பிழை.

அங்கிள் தேடித் தந்தது குவாட்ரோ பி1000. அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றியது. 47 வாட், 4 ஜிபி, 640 சின்னக் கோர்கள். வெளிச்சமும் இல்லை, மூன்று காற்றாடியும் இல்லை. ஒரு மேரி பிஸ்கட் பக்கற்றை விடச் சற்றுப் பெரிது. பக்கத்து மாடியில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்த காசும் இரண்டு பெருநாள் காசும் சேர்த்து நானே வாங்கினேன். ஜிபியூ-இசட்டில் முதலில் சோதித்தேன். கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் பார்த்தேன், அதில் இருந்தவை நாலும் மினி டிஸ்பிளேபோர்ட் துளைகள். எங்கள் பழைய மொனிட்டருக்கு நீல நிற விஜிஏ வயர். எத்தனை கட்டம் போட்டாலும் ஒரு கட்டம் விடுபடத்தான் செய்கிறது. மாற்றி ஒன்று வாங்கும் வரை மூன்று நாள் கார்ட் உள்ளே இருந்தும் பழைய வயரிலேயே காலம் தள்ளினோம்.

நான்காம் நாள் இரவு, 41 நிமிடம் எடுத்த அதே படம் 15 நிமிடத்தில் முடிந்தது. வாப்பாவைக் கூப்பிட்டேன். உம்மாவும் ஊசி நூலோடு வந்து கதவோரம் நின்றார். திரையில் சம்மாங்கோட்டுப் பள்ளி, பின்னேர வெயிலில். கும்பங்களின் நிழல் கோடுகளின் மேல் சாய்ந்து விழுந்திருந்தது. வாப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

“மணிக்கூடு எங்க?” என்றார்.

மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கட்டியிருந்தேன், முகப்பில் மணிக்கூட்டை வைக்க மறந்திருந்தேன்.

“அதோட, ரோட்டில ஒருத்தரையும் காணல்ல. ரெண்டாம் குறுக்குத்தெருவில நாட்டாமைமார்ர கைவண்டி இல்லாம ஒரு நாள் ஈக்குமா?”

“அதையெல்லாம் போட்டா கார்ட்ர மெமரி காணாது வாப்பா.”

“எத்தன வண்டி போடலாம்?”

கணக்குப் பார்த்தேன். “ஆறு.”

“ஆறு போதும்” என்று கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.